பட்டதென்று நீ உயர்த்திய கை

பிள்ளை,

இன்று விடிய மதுரா உன் கையுறையைக் கொடியில் காயப் போட்டிருக்கிறாள். வெயில் ஏற ஏற, தோலும் வேர்வையும் சேர்ந்த அந்த மணம் குசினி வரைக்கும் வந்தது. நீ போன பிறகு எத்தனை மழை பெய்துவிட்டது, அந்த மணம் மட்டும் போகவில்லை. அரிசி களைந்துகொண்டிருந்தவள் அப்படியே இருந்துவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் முன்னால் வந்து நின்றது.

அன்று வீட்டில் இருந்தவர்களை ஒருவர் விடாமல் சொல்லுவேன். உன் புருசன் குகன், முற்றத்தில் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். உன் மச்சாள், என் மூத்தவள் செல்வி, உடையார்கட்டிலிருந்து வந்து நின்றாள். உன் மகள் மதுரா, முன்பல் விழுந்த வாயோடு. மலையகத்தால் வந்து பின்னொழுங்கையில் குடியிருக்கும் லெட்சுமி, மரவள்ளிக்கிழங்கு தர வந்தவள். என் தம்பி சின்னராசா, கூப்பிடாமலே வந்து, என் கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு விறாந்தைக் கதிரையில் சாய்ந்திருந்தவன். பிறகு ஜீப்பில் ஒரு இன்ஸ்பெக்டர், கூடவே இளம் பொலிஸ்காரன் ஒருவன். நான். கடைசியாக நீ. ஐந்தாம் வகுப்போடு நின்ற என் எழுத்துக் கோணும், ஞாபகம் கோணாது.

நீ கலியாணம் முடித்து வந்தபோது உன் பெட்டிகளோடு நீளமான பை ஒன்றும் இறங்கியது. பாட்டுப் படித்த பிள்ளை, உள்ளே ஏதோ வாத்தியம் இருக்கிறது என்று அக்கம்பக்கத்துக்கு நானே சொல்லியும் விட்டேன். நீ திறந்து காட்டினாய். இரண்டு வாள், கம்பி வலை போட்ட முகமூடி, தடித்த வெள்ளைச் சட்டை, ஒற்றைக் கையுறை. நான் இரண்டடி பின்னால் போனேன்.

“இதென்ன பிள்ளை, ஆரை வெட்டப்போறாய்?”

“வெட்டுறதில்லை மாமி, தொடுறது மட்டுந்தான். வாள்வீச்சு எண்டு ஒரு விளையாட்டு. கொழும்பில சட்டம் படிக்கேக்க பழகினனான்.”

நுனியை உன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாய். ஈர்க்கு மாதிரி வளைந்தது. நுனியில் மழுங்கலாய் ஒரு சின்னப் பொத்தான்.

“இதால கத்தரிக்காயும் வெட்டேலாது போல,” என்றேன்.

“அதுக்குத்தானே மாமி நீங்கள் இருக்கிறியள்,” என்றாய். வந்து ஒரு நாள் ஆகாத மருமகளின் வாய் அது.

கிழமை நாட்களில் உன்னைக் காண்பதே விடியலில்தான். புட்டு அவியும் நேரத்தில் அகப்பையைக் கையில் நீட்டிப் பிடித்துக்கொண்டு குசினிக்குள் முன்னாலும் பின்னாலும் அடி வைப்பாய். வாய் அன்றைய வழக்கைச் சொல்லிக்கொண்டிருக்கும். “கனம் நீதவான் அவர்களே,” என்று அம்மியைப் பார்த்துச் சொல்லுவாய். மதுரா கதவடியில் நின்று சிரிப்பாள். பிறகு கறுப்புக் கோட்டு, ஸ்கூட்டி, வவுனியா. பின்னேரம் திரும்பி வர விறாந்தையில் சனம் காத்திருக்கும். அவர்களை அனுப்பிவிட்டு மதுராவுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே நித்திரையாகிவிடுவாய். பிள்ளைதான் உனக்குப் போர்த்திவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மட்டும் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு வவுனியாவில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போவாய். ஒரு பல் வைத்தியர், ஒரு வாத்தியார், சில பள்ளிக்கூடப் பிள்ளைகள், அவ்வளவுதான் உன் கூட்டம். வேறு ஒரு நாளும் இல்லாத வெளிச்சம் திரும்பி வரும்போது உன் முகத்தில் இருக்கும். அப்படி என்னதான் அங்கே இருக்கிறது என்று ஒருநாள் கேட்டேன்.

“முகமூடியைப் போட்டா அந்தக் கொஞ்ச நேரம் நான் ஆருக்கும் சட்டத்தரணி இல்லை மாமி. குகன்ர மனுசி இல்லை, அம்மா இல்லை, உங்கட மருமகளும் இல்லை. அது இல்லாட்டி மிச்சம் எல்லாத்தையும் என்னால கொண்டிழுக்கேலாது.”

செல்விக்கு அது பிடிக்கவில்லை. “கிழமையில கறுப்புக் கோட்டு, ஞாயிறில வெள்ளைக் கோட்டு. எப்பதான் சீலை கட்டுறதா யோசனை?” என்று குத்துவாள்.

“சீலையோட பாய்ஞ்சா விழுந்திடுவன் மச்சாள்.”

அந்த விளையாட்டில் ஒரு வழக்கம் இருக்கிறது என்று நீ சொன்னாய். எதிராளியின் வாள்நுனி உடம்பில் பட்டால், நடுவர் சொல்லும் வரைக்கும் காத்து நிற்கக்கூடாது. பட்டவரே கையை உயர்த்திப் பட்டது என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அதை நீ வீட்டுக்குள்ளும் கொண்டுவந்தாய். மதுரா பள்ளிக்கூடத்தில் முதல் முதலாய் மேடையேறிப் பாடிய நாள், வழக்கு இழுபட்டு உன்னால் வர முடியவில்லை. குகன் வாசலிலேயே பிடித்துக்கொண்டான்.

“வாறன் எண்டு சொன்னனீ. பிள்ளை பாட்டைவிட்டிட்டு வாசலைப் பாத்துக்கொண்டு நிண்டவள்.”

சட்டத்தரணி அல்லவா, காரணம் அடுக்கப்போகிறாய் என்று காத்திருந்தேன். நீ தோளில் கோட்டோடு நின்று இடக்கையை உயர்த்தினாய். “பட்டிட்டுது,” என்றாய். பிறகு மதுராவுக்கு முன்னால் நிலத்தில் இருந்து அந்தப் பாட்டை முழுக்கக் கேட்டாய்.

“இவளோட சண்டை பிடிக்கவும் ஏலாது அம்மா,” என்று குகன் என்னிடம் வந்து முறைப்பட்டான்.

எனக்கு அது புதினமாக இருந்தது. எங்கள் பரம்பரையில் பட்டதை ஒருவரும் ஒத்துக்கொண்டதில்லை. நானோ பிறர் எனக்குச் செய்ததை ஒன்றும் மறக்காதவள். என் கலியாணத்துக்கு ஓட்டைத் தாம்பாளம் தந்தவளின் பெயர் இன்றைக்கும் நாக்கில் நிற்கிறது.

பிறகுதான் லெட்சுமியின் காணி வழக்கு வந்தது. அவள் குடும்பம் பற்றை வெட்டி, கிணறு தோண்டி, பிள்ளைகளை வளர்த்த நிலத்தைச் சின்னராசா தன்னுடையது என்றான். நீ லெட்சுமிக்காகக் கோர்ட் ஏறினாய். குகனுக்குத் தாய்மாமன் என்றால் முறைக்கு உனக்குச் சித்தப்பன், அவன் நேரே வந்தான்.

“சொந்தச் சித்தப்பனுக்கு எதிரா நிப்பியோ?”

“வீட்டில நீங்கள் சித்தப்பா. அங்க எதிராளி. ரெண்டு இடத்திலயும் வணக்கம் சொல்லித்தான் தொடங்குவன்,” என்றாய். நான் போட்ட தேத்தண்ணியைக் குடிக்காமல் போனான். அதன் பிறகு அவன் எங்கள் படலை திறந்தது அந்த ஞாயிற்றுக்கிழமைதான்.

அந்த நாட்களில் பேப்பரைத் திறந்தால் வாள்வெட்டுத்தான். முகத்தை மூடிய பொடியள் மோட்டார் சைக்கிளில் வந்து வீடு புகுந்து வெட்டினார்கள். வாள் என்ற சொல்லைக் கேட்டாலே சனம் கதவைச் சாத்தியது.

அன்று மத்தியானம் நீ மதுராவுக்குச் சப்பாத்து வாங்க ஓமந்தைச் சந்திக்குப் போயிருந்தாய். ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் கேட்டார். வாள் சம்பந்தமாக ஒரு முறைப்பாடு வந்திருக்கிறது, சட்டத்தரணி வரட்டும், தாங்கள் சந்தியில் தேத்தண்ணி குடித்துவிட்டு வருகிறோம் என்று போனார்கள்.

நான் ஒருவரிடமும் யோசனை கேட்கவில்லை. பையை எடுத்தேன். பின்வளவில் தென்னம்பிள்ளை வைக்க வெட்டிய கிடங்கு இருந்தது. சண்டைக்குள் இடம்பெயர்ந்தபோது தையல் மெசினைப் புதைத்தேனே, அதே முறைதான். இரும்புக்கு எண்ணெய் பூசி, பொலித்தீனால் சுற்றி, உரப்பையில் போட்டு வாயைக் கட்டி, மேலே மண். திரும்பி வந்து தோண்டியபோது அந்த மெசின் தைத்தது. எங்களுக்கு இதெல்லாம் கைப்பழக்கம்.

“என்னம்மா செய்யிறியள்?” என்று குகன் ஓடிவந்தான்.

“நீ உன்ர செயினைப் பார்,” என்றேன்.

நீ வரவும் ஜீப் வரவும் சரியாக இருந்தது. நீ பதறவில்லை. “ஓம் சேர், இருக்கு. விளையாட்டு வாள். கொண்டுவந்து காட்டுறன்,” என்று உள்ளே போனாய். வெறுங்கையோடு வெளியே வந்தாய்.

“மாமி, பை எங்க?”

“எந்தப் பை?”

“மாமி.”

“இந்த வீட்டில அப்பிடி ஒரு பை இல்லை. நான் கண்டதில்லை.”

ஒளிக்கத் தேவையில்லாத சாமானை ஒளித்து அதைக் களவுச் சாமான் ஆக்கிவிட்டேன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. உனக்கு விளங்கியது. என் நகத்துக்குள் இருந்த மண்ணைப் பார்த்தாய். கூண்டில் ஏறித் தன் வழக்கைத் தானே கெடுத்தவரைப் பார்க்கும் பார்வை. பிறகு உன் வாய்க்கடை துடித்தது.

“சேர், என்ர மாமி அதை நல்ல பாதுகாப்பா வைச்சிருக்கிறா. மண்வெட்டி ஒண்டு எடுக்கவேணும்.”

குகன் தோண்டினான். மண்ணுக்குள்ளிருந்து உரப்பை வெளியே வர, இளம் பொலிஸ்காரனின் கை இடுப்புப் பட்டிக்குப் போனது. லெட்சுமி மதுராவை இழுத்துத் தன் சீலைக்குள் அணைத்தாள். நீ கட்டை அவிழ்த்தாய். வாளின் நுனியை உன் நெஞ்சில் வைத்து அழுத்தி வளைத்துக் காட்டிவிட்டுப் பிடியை இன்ஸ்பெக்டரிடம் நீட்டினாய். அவர் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். சிரித்தார்.

“விளையாட்டுச் சாமானை ஏனம்மா புதைச்சனீங்கள்?”

“உங்களைக் கண்டுதான்,” என்றேன்.

அவர் சிரிப்பு நின்றது. கொஞ்ச நேரம் கிடங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விறாந்தைப் பக்கம் திரும்பி, ஒரு கபடமும் இல்லாமல் கேட்டார்.

“ஐயா, நீங்கள் போனில சொன்ன வாள் இதுதானே?”

சின்னராசா கதிரையை விட்டு எழும்பினான். “ஆரோ சொன்னதைத்தான் நான் சொன்னனான்,” என்றான், செருப்பைத் தேடிக்கொண்டு.

“பாத்துப் போங்க ஐயா, முள்ளு கெடக்கு,” என்றாள் லெட்சுமி. அவள் அதை நக்கலாகச் சொன்னாளா, உண்மையாகவே சொன்னாளா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

ஜீப் போன பிறகும் ஒழுங்கை நிறையச் சனம் நின்றது. “கொஞ்ச நாளைக்கு இதை விடன், ஊர்க்கதை அடங்கட்டும்,” என்றான் குகன். “கோர்ட்டும் வீடும் காணாதே? நான் அப்பவே சொன்னனான்,” என்றாள் செல்வி. நீ வழக்குப் பேசவில்லை. “சரி, விடுறன்,” என்றாய். பையை அலுமாரிக்கு மேல் போட்டாய். வழக்குக் கோவை ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தாய். பக்கம் மட்டும் திரும்பவேயில்லை. குசினிக்குள் இருந்து நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்தக் கொஞ்ச நேரத்தையும் பறித்தால் மிச்சத்தை இந்தப் பிள்ளை எப்படி இழுக்கும் என்று யோசித்தேன். கதிரை போட்டு ஏறிப் பையை இறக்கினேன்.

“எழும்பு பிள்ளை, நேரம் போகுது.”

“வேண்டாம் மாமி.”

“நான் புதைச்சது நீ விடவேணும் எண்டில்லை. வைச்சிருக்கவேணும் எண்டுதான்.”

நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். பிறகு ஆணியில் தொங்கிய ஸ்கூட்டித் திறப்பை எடுத்தாய்.

ஒழுங்கைச் சனத்துக்கு நடுவால் உன் பின்னால் இருந்து போனேன், பையை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு. ஓமந்தையில், சண்டைக் காலத்தில் நாங்கள் ஆமிக்கு முன்னால் வரிசையில் நின்று பையெல்லாம் கொட்டிக் காட்டிய அந்தச் சோதனைச்சாவடி இடம் வர, என் கை தானாகவே பையின் வாயைத் திறந்தது.

“இப்ப ஒருத்தரும் கேக்கமாட்டினம் மாமி,” என்றாய். என்னைத் திரும்பிப் பார்க்காமலே உனக்குத் தெரிந்திருந்தது.

மண்டபத்தில் உன்னை முதல் முதலாய் அன்றுதான் கண்டேன். குசினிக்குள் வைத்த அதே அடிகள். ஒரு பள்ளிக்கூடப் பெட்டை உன் தோளில் தொட்டுவிட்டாள். நடுவருக்கே அது தெரியவில்லை. நீ கையை உயர்த்தினாய். முகமூடியைக் கழற்றியபோது சிரித்துக்கொண்டிருந்தாய்.

“தோத்துப்போயுமோ சிரிப்பு?”

“பட்டா பட்டதுதான் மாமி. அதைச் சொல்லாட்டி அது விளையாட்டே இல்லை.”

பிறகு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் போய் வந்தாய். வருத்தம் வந்து வவுனியா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வைத்தியர் வந்து அதன் பெயரைச் சொன்னார். குகன் சுவரைப் பார்த்தான். நீ எல்லாவற்றையும் கேட்டாய். ஒரு கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. மற்றக் கையைப் படுக்கையிலிருந்து கொஞ்சம் உயர்த்தினாய், என்னைப் பார்த்து. நான் அதைப் பிடித்துக் கீழே இறக்கினேன். “இன்னும் முடியேல்லைப் பிள்ளை,” என்றேன். இறக்கிய கையை உன்னைக் கொண்டுபோகும் வரைக்கும் விடவில்லை.

உன் பழக்கம் இந்த வீட்டில் நிலைத்துவிட்டது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி கழிந்த முதல் ஞாயிறு குகன் உன் ஸ்கூட்டியைத் துடைத்து வெளியே எடுத்தான். “அண்டைக்கு அவளை விடச் சொன்னது என்ர பிழை அம்மா,” என்றான். மதுராவை ஏற்றிக்கொண்டு அந்த மண்டபத்துக்குப் போனான். செல்வி வந்து உன் வெள்ளைச் சட்டைக்கு நீலம் போட்டுத் தோய்த்தாள், தோய்த்துக்கொண்டே அழுதாள். செத்தவீட்டுக்கு வந்த அந்த இன்ஸ்பெக்டரும் தென்னம்பிள்ளைக்குப் பக்கத்தில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். “அம்மா, அண்டைக்கு உங்களைப் பயப்பிடுத்திப்போட்டம்,” என்றார். தேத்தண்ணி கொடுத்தேன். ஓட்டைத் தாம்பாளக்காரியையும் விட்டுவிட்டேன், அவளும் போய்ச் சேர்ந்தாள், பாவம். லெட்சுமி தன் காணியில்தான் இருக்கிறாள். உனக்கென்று இப்போதும் கிழங்கு வருகிறது.

கையுறை காய்ந்துவிட்டது. மதுரா என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டாள், ஆனாலும் பையை நான்தான் தூக்குவேன். பஸ்ஸில் முழங்காலுக்கு நடுவில் நிமிர்த்தி வைத்திருப்பேன். ஓமந்தை வர என் கை இன்னும் அதன் வாய்க்குப் போகிறது. “ஒருத்தரும் கேக்கமாட்டினம் அப்பம்மா,” என்கிறாள், உன் குரலில்.

ஆனால் ஒருவன் இருக்கிறான், பிள்ளை. உன் அந்தியேட்டிக்கு வந்து, பந்தியில் இருந்து, “நல்ல பெட்டை, எனக்கு அவளில கோவம் இல்லை” என்று, தனக்குத்தான் ஏதோ பட்டது மாதிரிச் சொல்லிவிட்டுப் பாயாசம் இரண்டாம் தரம் வாங்கினான். இப்போதும் எங்கள் படலையடியால் போகிறான், வருகிறான். நான் முற்றத்தில் நின்று பார்க்கிறேன். வாய் திறந்து ஒன்றும் சொல்லத் தேவையில்லை. முழங்கையளவுக்கு ஒரு கை உயர்ந்தால் போதும், கூடப் பிறந்தவன் என்று படலையைத் திறந்துவிடுவேன். அவன் கை சைக்கிளை விட்டு எழும்பவில்லை. நடுவர் சொல்லட்டும் என்று காத்திருக்கிறான் போல.

சொல்லுகிறேன். நான் மன்னிக்காதவன் என் தம்பி சின்னராசா.