பேனரில் நீ வெளுத்துப் போனாய், மச்சான்

மச்சான்,

புது பிளெக்ஸை விரித்ததும் மண்ணெண்ணெயும் ரப்பரும் கலந்த மாதிரி அந்த மை வாடை மூக்கில் ஏறியது. ஆஸ்டின் டவுன் பேனர் கடையில் நீ உட்கார்ந்து வேலை செய்த அதே கம்ப்யூட்டர் மூலை. உன் முதல் வருஷத்துக் கண்ணீர் அஞ்சலி பேனரை வாங்கப் போயிருந்தேன். பார்த்தால், பாலில் குளிப்பாட்டி எடுத்த மாதிரி எவனோ ஒருத்தன் கோட்டுப் போட்டுக்கொண்டு சிரிக்கிறான்.

"யார்ரா இது?" என்றேன்.

"அங்கிள், எல்லாரும் வெளுப்பாத்தான் கேக்கறாங்க" என்கிறான் புது டிசைனர்.

நான் எட்டாவதோடு நிறுத்தியவன். ஆனாலும் கம்ப்யூட்டர் படத்தைப் பற்றி இந்தப் பெங்களூரில் என்னை மிஞ்சிப் பேச ஆளில்லை. உனக்கு மவுஸ் பிடிக்கச் சொல்லிக் கொடுத்ததே நான்தான் என்று நீலசந்திரா ஏரியா முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். நீயும் மறுத்ததில்லை.

வேலுவின் அம்மா வந்த நாளை நினைத்துப் பார். வைட்ஃபீல்டில் கட்டட வேலைக்குப் போன பையன். கறுத்த ஆள், தமிழ் பேசுகிறவன், திருடனாகத்தான் இருப்பான் என்று போலீஸ் பிடித்துப் போய், பிணமாகத் திருப்பிக் கொடுத்திருந்தது. இரண்டு போட்டோ கொண்டுவந்தாள். ஒன்று கல்யாணத்தில் எடுத்தது, இன்னொன்று பிணவறையில் எடுத்தது.

"கல்யாணப் படத்தைப் போடு சாமி. கொஞ்சம் வெளுப்பா போடு."

நீ பிணவறைப் படத்தைத்தான் கம்ப்யூட்டரில் திறந்தாய். "இந்தக் கறுப்புக்குத்தானேம்மா அடிச்சாங்க. நான் வேற அதை அழிக்கணுமா?"

அழுது ஓய்ந்தபின், "அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

மேகம் இல்லை, பூ இல்லை, சாமி இல்லை. பேனர் முழுக்க அவன் முகம். வீங்கிய கண்ணில் ஊதா. திறந்தே கிடந்த மற்ற கண்ணின் பாவைக்குள் தடியோடு ஒரு காக்கிச் சட்டையை, சுண்டுவிரல் நகமளவு, வரைந்து வைத்திருந்தாய்.

"தெருவிலேருந்து தெரியாதுடா" என்றேன்.

"கிட்ட வந்து பாக்கட்டும் மச்சான்" என்றாய்.

கிட்ட வந்து பார்த்தது போலீஸ்தான். காலையில் கட்டினோம், மத்தியானத்துக்குள் கிழித்துப் போட்டுவிட்டு, கடை முதலாளியையும் உன்னையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள். செக்கச்செவேலென்ற முதலாளிக்கு நாற்காலி, உனக்குத் தரை. நம்ம பையன், விட்டுவிடுங்கள் என்று என் கன்னடத்தை எல்லாம் கொட்டினேன். "நம்ம ஹுடுகா சார், பிட்டுபிடி!" இன்ஸ்பெக்டரே என்னைப் பார்த்து எழுந்து நின்றார் என்று ஊரெல்லாம் சொல்கிறேன். எழுந்தது உண்மை. கதவைச் சாத்த எழுந்தார். அப்புறம் உன் குரல்தான் கேட்டது.

திரும்பி வந்தவன் இருமிக்கொண்டே கிடந்தாய். இருமியே போய்விட்டாய்.

"கறுப்பாக்குடா, உன் காலில் விழறேன்" என்று டிசைனரிடம் கெஞ்சினேன். ரேஷன் கார்டில் இருந்து எடுத்த படமாம், அதில் நிறமே இல்லையாம். "எவ்ளோ கறுப்பு அங்கிள்?" என்றான். என் கையை நீட்டினேன். இதைவிடக் கறுப்பு. கொஞ்சமா, நிறையவா? தெரியவில்லை, மச்சான். நடக்காததை எல்லாம் கண்ணால் பார்த்த மாதிரி சொல்கிற எனக்கு, கூடவே இருந்த உன் நிறத்தைச் சொல்ல வரவில்லை.

வேறு வழியில்லாமல் அதையே கட்டினோம். வேலுவின் அம்மா வந்தாள். யாரென்று தெரியாமல் நின்றவளுக்குப் பெயரைப் படித்துச் சொன்னேன். எட்டி உன் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள்.

"நெசமாவே இவ்ளோ வெளுப்பா இருந்திருந்தா, யாருப்பா இவனை அடிச்சிருப்பாங்க?"

அதைத்தான் சுமந்துகொண்டு திரிகிறேன். எதையும் நாலு மடங்காக்கிச் சொல்கிறவன் நான். இதில் கூட்டிச் சொல்ல ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை.