இரவல் போன தம்பி

1987 பெப்ரவரி 24, செவ்வாய்

பனி நின்றுவிட்டது, குளிர் நிற்கவில்லை. குழாயில் சுடுதண்ணீர் இல்லை. வீட்டுக்காரர் தோளைக் குலுக்கினார். இந்தப் பிரெஞ்சு ஊரில் அது ஒரு முழு வாக்கியம்.

பெண்கள் சங்கத்திலிருந்து மடாம் லூசி வந்தார். (இனி ம.லூ.) மகளிர் தினத்துக்கு முதல் நாள் கூட்டமாம். அகதிப் பெண் ஒருத்தி மேடையில் பேச வேண்டும். சங்கத்தில் அரைநாள் வேலையொன்றும் இருக்கிறது, வரும் தமிழ்ப் பெண்களோடு கதைத்து உதவ. தையல் ஃபக்டரியில் நூல் வெட்டும் முன்னாள் ஆங்கில ஆசிரியையான எனக்கு இரண்டுமே பொருத்தம் என்று நினைத்தேன். நல்ல கார்டிகனைப் போட்டுக்கொண்டேன். அது முதல் பிழை.

எப்படித் தப்பி வந்தீர்கள் என்று கேட்டார். விமானத்தில் என்றேன். சன்னலோரம் கிடைத்ததையும் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. என் ஆங்கிலம் அழகாக இருப்பதாகச் சொன்னார், நோயாளியிடம் இன்று தெம்பாக இருக்கிறீர்கள் என்பதுபோல.

அந்த நேரம் ரதி தேத்தண்ணி கொண்டுவந்தாள். என்னோடு அறையையும் ஃபக்டரி மேசையையும் பங்குபோடுபவள். யாழ்ப்பாணம். பழைய நூல் சேலை, பெரிய கண். ஒன்றும் பேசாமல் கோப்பையை நீட்டினாள். ம.லூ. அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

முடிவு: ரதி தமிழில் பேசுவாள். நான் பக்கத்தில் நின்று ஆங்கிலத்தில் சொல்வேன். ம.லூ. அதைப் பிரெஞ்சில் சொல்வார். வேலையைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்றார், ரதியைப் பார்த்தபடி.

பெப்ரவரி 26, வியாழன்

சேதி எனக்கு முன்பே ஃபக்டரிக்குப் போய்விட்டது. சாப்பாட்டு மேசையில் ஒருத்தி: "மேடைக்கு ரதியாமே? நீங்கள் பக்கத்தில நிக்கிறியளாம்."

ரதியிடம் உள்ளவை: கண், கூந்தல், நினைத்தவுடன் கண்ணீர், ஊரிலிருந்து விடாமல் கடிதம் எழுதும் கணவர். வகுப்பில் பிரெஞ்சும் அவளுக்குத் தண்ணீர்போல வருகிறது.
என்னிடம் உள்ளவை: பட்டம். இருமல். பிரெஞ்சில் இலக்கணம் மட்டும்.

தெருமுனை டெப்பனர் கடையில் பால், பாண், இருமல் மருந்து.

மார்ச் 1, ஞாயிறு

காற்று. வெளியே போகவில்லை.

ரதி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மேடையில் என்ன சொல்வதென்று தெரியவில்லையாம். அவளுக்கு நடந்தது சோதனைச் சாவடியில் நடந்தது. இங்கே அகதி விசாரணையில், மூடிய கதவுக்குள், ஒருதரம் சொன்னாள். பிறகு என்னிடம். கணவருக்குத் தெரியாது. கூட்டத்துக்கு எங்கள் சனமும் வரும். நாங்கள் இருக்கும் வில்லரேயில் சொன்னது வெள்ளிக்கிழமைக்குள் யாழ்ப்பாணம் போய்விடும்.

பேச மாட்டேன் என்று சொல்லிவிடு என்றேன், மிகுந்த அக்கறையோடு.

"சொன்னா வேலையும் போயிடுமே அக்கா. அது இருந்தாத்தான் அவரைக் கூப்பிடலாம். நடந்ததைச் சொன்னா அவர் வரவே மாட்டார்."

கலியாண வீட்டுக்குப் போகச் சங்கிலி இல்லாதவளுக்கு அயல்வீட்டுக்காரி தன்னுடையதைக் கழற்றிக் கொடுப்பாள். படத்தில் அது யாருடையதென்று தெரியாது. நானும் அப்படித்தான் சேகரைக் கொடுத்தேன்.

என் தம்பி. திருகோணமலை, காலை. பெனியனோடு நின்று சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். ஜீப் வந்தது. ஏற்றினார்கள். போட்டுக்கொண்டு போகட்டும் என்று சட்டையை எடுத்து வாசல் படலைக்கு ஓடினேன். சட்டை என் கையிலேயே இருந்தது. அதற்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. சொல்லி முடிக்கையில் தேத்தண்ணிகூட ஆறவில்லை.

ரதி தன் ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்வாள். எங்கள் சனத்தில் ஒன்றுவிட்ட தம்பிகளுக்குக் கணக்கில்லை. ஒருவராலும் மறுக்க முடியாது.

கேட்டு முடித்ததும் அழுதாள். எவ்வளவு சுலபமாக. நான் இதுவரை அழவில்லை.

மார்ச் 4, புதன்

ஃபக்டரியில் நூல் வெட்டியபடி ரதி முணுமுணுக்கிறாள், பாடமாக்குகிறாள். இரண்டு இடத்தில் திருத்தினேன். சைக்கிள் பச்சை, கறுப்பல்ல.

மாலை என் கார்டிகனையும் கேட்டாள். கொடுக்கவில்லை. எதற்கும் ஓர் எல்லை வேண்டும்.

மார்ச் 7, சனி

தேவாலயத்தின் நிலவறை மண்டபம். கோப்பி, கேக், ஈரச் சப்பாத்துகளின் மணம். எங்கள் சனம் பின்வரிசையில், மேலங்கியைக் கழற்றாமல்.

முதலில் ஹெயிட்டி நாட்டுப் பெண்ணொருத்தி. வீடுகளில் பிள்ளை பார்ப்பவள். சம்பளத்தைப் பற்றியும், முதலாளியம்மா தன்னை வேறொரு பெயர் வைத்துக் கூப்பிடுவதைப் பற்றியும் பேசினாள். கைதட்டல் அளவாக இருந்தது. சம்பளம் கேட்பவளைவிட அழுபவளை இந்த மண்டபத்துக்குப் பிடிக்கும்.

பிறகு ரதி. நன்றாகப் பேசினாள். என்னைவிட நன்றாக. பெனியன், சைக்கிள் (பச்சை), ஜீப், சட்டை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பிறகு நான், எனக்குப் பிறகு ம.லூ. முடிந்தது என்று நான் மூச்சுவிட்டபோது அவள் நிறுத்தவில்லை.

"ஜீப் ஒழுங்கை முடக்கில திரும்பேக்க, அவன் என்னைத் திரும்பிப் பாத்துக் கை காட்டினவன்."

அதை நான் கொடுக்கவில்லை.

மண்டபம் என்னைப் பார்த்தது. மொழிபெயர்ப்பாளர் இருமினால் மன்னிப்பார்கள். இருமினேன். பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன். ம.லூ. பிரெஞ்சில் சொன்னபோது தன் கையையும் அசைத்துக் காட்டினார். முன்வரிசையில் ஒரு கிழவி மூக்கைச் சிந்தினாள். ரதியைக் கட்டிப்பிடிக்க வரிசை. என்னிடம் ஒருவர் வந்து கழிப்பறை எங்கே என்று கேட்டார்.

மேலங்கி போடுவதற்குள் வேலை ரதிக்கு என்று ஆகிவிட்டது.

மெட்ரோவில் பக்கத்தில் உட்கார்ந்தாள். மடியில் பூங்கொத்து.

"அக்கா, கடைசியா சொன்னது நான் வேணுமெண்டு சொல்லேல்லை. தானா வந்திட்டுது. பிழையோ?"

பிழையில்லை என்றேன்.

மார்ச் 8, ஞாயிறு

மகளிர் தினம். துணி தோய்த்தேன். சுடுதண்ணீர் வந்துவிட்டது. ரதி கணவருக்குக் கடிதம் எழுதுகிறாள், வேலை கிடைத்ததை.

காலையிலிருந்து கண்ணை மூடி முயன்று பார்க்கிறேன். படலை, ஜீப், ஒழுங்கை, முடக்கு. எத்தனை தரம் ஓடிப் போய் நின்றாலும் என்னுடையவன் முன்னால் பார்த்தபடியே போகிறான். அவளுடையவன் திரும்பிப் பார்க்கிறான்.