இரண்டு விரல்தான் நுழைந்தது

கிஞ்சலின் அம்மாவுக்கு,

வாயைக் கண்ணாடியில் பார்க்கச் சொல்லிச் சண்டை போட்டு, ராஜ்கோட்டுக்கு உன் அண்ணன் வீட்டுக்குப் போனவள் நீ. முதலில் நான் எழுதுவதாகவே இல்லை. புகையிலை மாவா மெல்லுவது என் இஷ்டம்.

நேற்று கடைத்தெருவில் வாய் முழுதாகத் திறக்காமல் பானிபூரி உள்ளே போகவில்லை. "என்ன காகா, வாய்க்குப் பூட்டுப் போட்டுட்டாங்களா காகி?" என்று உன்னையும் இழுத்துக் கடைக்காரன் சிரித்தான்.

வீட்டுக்கு வந்து, நீ கெஞ்சியபடியே மூன்று விரலை நிமிர்த்தி வாயில் வைத்தேன். மூன்றும் நுழைய வேண்டும் என்றாயே, இரண்டுதான் நுழைந்தது. மாவா ஒதுக்கும் கன்னத்தில் வெள்ளைத் திட்டு. வலியே இல்லை, அதனால்தான் இத்தனை நாள் தெரியவில்லை.

நீ சொன்னது சரி என்று எழுத மாட்டேன். மாவாப் பொட்டலங்களை உன் பீரோவில் பூட்டிவிட்டேன். சாவி இந்த உறையில் இருக்கிறது. திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குச் சேர்ந்து போவோம். நீ வராவிட்டால் பூட்டை உடைப்பேன்.

கிஞ்சலின் அப்பா