கல்யாணமாகாத பாடகனின் மனைவி எழுதுவது

என் குமரேசா,

சாப்பிட்டாயா என்று கேட்டுத்தான் உன்னிடம் எதையும் தொடங்குவேன். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. கேட்டுவிட்டேன். பதிலுக்குக் காத்திராமல் மேலே எழுதுகிறேன்.

ஊருக்கெல்லாம் நீ நிகேத். தெலுங்கிலும் தமிழிலும் பாப் பாட்டுப் பாடி, காலேஜ் பிள்ளைகளிலிருந்து அவர்களுடைய அம்மாக்கள் வரை போனில் வைத்துக் கேட்கிற நிகேத். எனக்கு நீ கார்வேட்டிநகரத்துக் குமரேசன்தான். நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. நம் திருப்பதி வீட்டுக்குப் பின்னால் காலிமனையில் தண்ணீர் நின்றது, தவளை கத்தியது, எல்லாம் வற்றியும் போனது. தாரா யூ.கே.ஜி. போகிறாள். முன்பல் ஒன்று ஆடுகிறது. அதை நாக்கால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போகிறாள்.

நான் அதே ஃபேக்டரிக்குத்தான் போகிறேன். ஸ்ரீசிட்டி பஸ் ரேணிகுண்டாவைத் தாண்டியதும் டிரைவர் பாட்டுப் போடுவார். அதில் உன் பாட்டு வராத நாளில்லை. முன்பெல்லாம் உன் குரல் வந்தால் சிரிப்பை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். இப்போதும் ஜன்னல் பக்கம்தான் திரும்புகிறேன்.

இதை எல்லோரும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். நமக்குள் இருந்த எதையும் நாம் நாலு பேர் பார்க்க வைத்துக்கொண்டதில்லையே.

எப்படித் தொடங்கியது, நினைவிருக்கிறதா? தாரா என் வயிற்றில் இருந்தபோதுதான் அம்மாவைப் பற்றி நீ பாடிய பாட்டு பிய்த்துக்கொண்டு ஓடியது. ஒரு யூடியூப் சேனலில் உன்னைப் பேட்டி எடுத்தார்கள். "கல்யாணம் எப்போ?" என்று அந்தப் பெண் கேட்டாள். நீ வாயைத் திறப்பதற்குள் கேமராவுக்குப் பின்னால் நின்றிருந்த மேனேஜர் வம்சி முந்திக்கொண்டார். "எங்க நிகேத் அம்மா பாக்கிற பொண்ணத்தான் கட்டிப்பாரு மேடம்." அங்கிருந்தவர்கள் கைதட்டினார்கள். நீ சிரித்தாய்.

வீட்டில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தை என் பக்கம் திரும்பினார். "நான் பாத்த பொண்ணு இங்க வாந்தி எடுத்துக்கினு குந்தியிருக்குது. இவன் அங்க இன்னாத்துக்கு இளிச்சிக்கினு கீறான்?"

உன் அம்மா அன்று இப்படித்தான் கேட்டார். அந்த வாரமே வம்சி வீட்டுக்கு வந்தார். "பவானிகாரு, தப்பா எடுத்துக்காதீங்க. குடி கிடையாது, சிகரெட் கிடையாது, அம்மா பிள்ளை. அதுதான் நிகேத். பெண்டாட்டி, பிள்ளைன்னு தெரிஞ்சா ஆடியன்ஸ் மனசு விட்டுடும். ஒரு ஆல்பம் மார்க்கெட்ல நிக்கட்டும். நாமே சொல்லிடலாம்." நீ என்னைப் பார்த்தாய். நான் தலையாட்டினேன். வளர்கிற நேரம் அல்லவா உனக்கு.

ஆல்பங்கள் நின்றன. சொல்கிற நாள்தான் வரவில்லை.

கார்வேட்டிநகரத்தில் உன் தெரு ஜனங்களை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. நம் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர்கள்தான் எல்லோரும். யூடியூப்காரர்கள் வந்து மைக்கை நீட்டினால், "பொண்ணு பாத்துக்கினுதாங்க இருக்கோம், தோதா அமையல" என்று முகம் மாறாமல் சொல்வார்கள். நம்ம புள்ள பொழப்பு என்று ஒரு தெருவே சேர்ந்து பொய் சொன்னது. அவ்வளவு பேருக்கு உன்மேல் பிரியம்.

திருப்பதியில் நான் உன் தூரத்துச் சொந்தம். மாடி வீட்டில் குடியிருக்கும் பெண். தாலியைச் சுடிதாருக்குள் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவேன். நீ பின்பக்க கேட் வழியாக, ஹெல்மெட்டைக் கழற்றாமல் நேரே சமையலறை வரைக்கும் வருவாய். தாரா அந்த ஹெல்மெட்டைத் தட்டித் தட்டி, "யாரு உள்ளே?" என்று கேட்பாள். அப்பாவை எப்படிக் கூப்பிடுவது என்று அவளுக்கு நாம் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். வீட்டுக்குள் நைனா, வெளியே மாமா. நிறங்களின் பெயரைக் கற்றுக்கொள்வதுபோல அதையும் கற்றுக்கொண்டாள். ஒருமுறைகூடத் தவறியதில்லை. அந்த வயதுக் குழந்தை ஒருமுறையாவது தவறவேண்டாமா?

புதுப் பாட்டு வருவதற்கு முன் உன்னை அலிபிரியிலிருந்து மலையேற வைப்பார்கள். வேட்டி, நெற்றியில் நாமம், வெறுங்கால், முன்னால் கேமரா. ஒரு தடவை நானும் தாராவும் யாரோபோலப் பின்னால் வந்தோம். காலிகோபுரத்துக்குக் கொஞ்சம் கீழே அவள் கால் வலித்து உட்கார்ந்துவிட்டாள். கையை நீட்டி, "மாமா, தூக்கு மாமா" என்றாள். நீ படியிறங்கி வந்து அவளைத் தூக்கினாய். அவள் உன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சுற்றியிருந்தவர்களெல்லாம் போனை எடுத்தார்கள். யாரோ பெற்ற குழந்தையைச் சுமந்து மலையேறிய நிகேத் என்று அன்று சாயங்காலத்துக்குள் அந்தப் படம் எங்கெங்கோ போய்விட்டது.

வீட்டுக்கு வந்து நீ அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்தாய். அப்புறம் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாய். தண்ணீர் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. உள்ளே என்ன செய்தாய், குமரேசா?

காமாலையைப் பற்றி எழுதத்தான் கை வரமாட்டேன் என்கிறது. எங்கேயோ கச்சேரிக்குப் போன இடத்தில் குடித்த தண்ணீர் என்று டாக்டர் பிற்பாடு சொன்னார். முதலில் சோறு இறங்கவில்லை என்றாய். பிறகு கண் மஞ்சளானது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் ஆட்டோவையே கூப்பிட்டுவிட்டேன். வம்சி போனில் சொன்னார்: "லிவர்னு வெளிய தெரிஞ்சா அவ்வளவுதான். குடிச்சே கெடுத்துக்கிட்டான்னு பேசுவாங்க. அடுத்த வாரம் ஷோ. அது முடியட்டும்." நீயும் அதையே சொன்னாய். "நான் குடிக்கலன்னு எத்தினி பேர் வாயில போய் சொல்லிக்கினு இருப்பே பவானி? கீழாநெல்லி துன்னா சரியாப் போயிடும்."

அந்த மேடையில் நீ கறுப்புக் கண்ணாடி போட்டுப் பாடினாய். புது ஸ்டைல் என்று நினைத்துவிட்டார்கள். பையன்கள் அதேமாதிரி கண்ணாடி போட்டு ரீல்ஸ் எடுத்தார்கள். அதை என்னிடம் காட்டி, "பாத்தியா, நம்ம மஞ்சக் கண்ணு ஃபேஷனாயிடுச்சு" என்றாய். அதுதான் நீ சொன்ன கடைசிக் கேலி. அதற்கப்புறம் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் நீ பேசியது எதுவும் எனக்குப் புரியவில்லை. என் பெயரைச் சொன்னாய். அது மட்டும் புரிந்தது. கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கலாமே என்று அங்கே டாக்டர் மெதுவாகத்தான் கேட்டார். 

உன்னைத் திருப்பதியில் ஒரு மண்டபத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். நான் பெண்கள் வரிசையில் நின்று வந்தேன். முன்னால் ஒரு காலேஜ் பெண் விம்மிக்கொண்டிருந்தாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். என் முறை வந்ததும் பெட்டியின்மேல் கை வைத்தேன். "நகருங்கம்மா, பின்னால ஜனம் நிக்குது, நகருங்க" என்றார் ஒருவர். நகர்ந்தேன். நகராமல் வேறென்ன செய்வது? நான் யார் என்று அவருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

காரியம் முடிந்த கையோடு வம்சி கார்வேட்டிநகரம் வந்தார். உன்னுடைய பாட்டு இன்னும் சில வெளிவர வேண்டும், அதுவரைக்கும் யாரும் எதுவும் பேச வேண்டாம் என்றார். "இப்ப இமேஜ் போச்சுன்னா அவர் பேரும் சேர்ந்து போயிடும் பவானிகாரு. போனவருக்கு மிச்சம் அதுதானே." அத்தை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். 

சித்தூரில் நினைவுக் கூட்டம் வைத்தார்கள். மேடையில் கூரை வரைக்கும் உன் படம். வந்தவர்கள் உன்னைப் பேசிப் பேசிச் சலவை செய்தார்கள். தாயைத் தவிர வேறு பெண்ணை ஏறெடுத்துப் பார்க்காதவன் என்றார் ஒருவர். நான் தாராவை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் இருந்தேன். இவர்கள் சொல்கிற ஆள் யார் என்று எனக்கே தெரியவில்லை. அந்த ஆளுக்காக எனக்கு அழுகை வரவில்லை.

கடைசியில் அத்தையிடம் மைக்கைக் கொடுத்தார்கள். நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று சொல்லித்தான் கூட்டிவந்திருந்தார்கள். அத்தை மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எல்லாரும் எம் புள்ள ஒழுக்கமானவன்னு சொல்றீங்க. ஆமா, ஒழுக்கமானவந்தான். ஒழுக்கமா கல்யாணம் கட்டிக்கினான். ஒழுக்கமா ஒரு புள்ள பெத்துக்கினான். இதுல மறைக்கறதுக்கு இன்னா கீது? எனக்கு வெளங்கவே இல்ல."

ஹாலில் சலசலப்பு. வம்சி படியருகே எழுந்து நின்றுவிட்டார். அத்தை அவரைப் பார்க்கவே இல்லை. "பவானி, மேல வா. கொயந்தய தூக்கிக்கினு வா. பயப்படாத. நான் கீறேன்."

தாராவைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். வரிசை வரிசையாக முகங்கள் என் பக்கம் திரும்பின. மேடையில் ஏறியதும் அத்தை என் சுடிதார் கழுத்துக்குள் கையை விட்டுத் தாலியை எடுத்து வெளியே போட்டார். நீ போனபிறகும் அதை எடுக்கக் கூடாது என்று சொன்னதும் அவர்தான். "இவ எம் மருமவ" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

தாரா உன் படத்தையே அண்ணாந்து பார்த்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்தாள். என் காதில் சொல்வதாக நினைத்துத்தான் கேட்டாள். மைக் பக்கத்தில் இருந்தது. "அம்மா, இங்க நைனான்னு கூப்பிடலாமா?"

ஹால் முழுக்கக் கேட்டது, குமரேசா. நீ கேட்டிருக்க வேண்டும்.

அதற்கப்புறம் நடந்ததையும் சொல்லவேண்டும். எல்லோரும் நல்லவிதமாகப் பேசவில்லை. பெண்டாட்டியை மறைத்தவன் குடியையும் மறைத்திருப்பான் என்று எழுதுகிறார்கள். படித்துவிட்டு முதலில் வெறிபிடித்ததுபோல் பதில் எழுதினேன். அவர் குடித்ததே இல்லை, இல்லை, இல்லை என்று. எழுதிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டேன். குடித்திருந்தால்தான் என்ன? குடிக்கிறவனுக்குக் காமாலை வந்தால் அவன் பெண்டாட்டி ஆட்டோ கூப்பிட்டுக் கூட்டிப் போகிறாள். கெட்ட பெயருக்குப் பயப்படாதவன் சரியான நேரத்தில் ஆஸ்பத்திரி போய்ச் சேர்கிறான். உன்னால் ஏன் முடியவில்லை?

ஏர்பேட்டிலிருந்து ஒரு பெண் வந்தாள். சரண்யா என்று பெயர். உன் பெயரில் ரசிகர் பக்கம் நடத்தியவளாம். வாசலில் நின்றபடியே, "ஏங்க்கா எங்ககிட்ட பொய் சொன்னாரு?" என்று கேட்டாள். நான் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன். காப்பி ஆறிப்போகும்வரை அழுதாள். "அண்ணனுக்கு நல்ல பொண்ணு கெடைக்கணும்னு நான் சனிக்கிழம சனிக்கிழம ஒருபொழுது இருந்துக்கினு வந்தேன்க்கா." எனக்கு எங்கிருந்தோ சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப உன் விரதம் வீணாப் போகலியே" என்றேன். அவளும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்துவிட்டாள். இந்தப் பெண்ணுக்கா, குமரேசா, மனசு விட்டுப்போகும் என்று நாம் பயந்தோம்?

வம்சியும் வந்தார். தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். "அந்தக் கண்ணாடி நான்தான் வாங்கிக் குடுத்தேன் பவானிகாரு" என்று சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நிஜமான அழுகைதான். நடுவில் அவர் போன் அடித்தது. இப்போது ஒரு புதுப் பெண்ணைப் பாடவைக்கிறார்களாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இல்ல மேடம், ஸ்லீவ்லெஸ் வேணாம், தாவணி கட்டச் சொல்லுங்க" என்றார். பேசி முடித்தபிறகுதான் நான் இருப்பது ஞாபகம் வந்ததுபோல என்னைப் பார்த்தார். நான் அந்தப் பெண்ணைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு யார் இருக்கிறார்கள், தலைவலி வந்தால் யாரிடம் சொல்வாள் என்று.

உன்னோடு ஒரே ஒரு தடவை காந்தி ரோடில் நடந்து போயிருக்கலாம். பூ வாங்கித் தரச் சொல்லி, விலைக்கு நீ பேரம் பேசி, நான் முறைத்து, அப்படி ஒரு சாயங்காலம். சினிமாவுக்குப் போய் இடைவேளையில் பாப்கார்னுக்கு வரிசையில் நின்றிருக்கலாம். உன் ஸ்கூட்டரில் ஹெல்மெட் இல்லாமல் போய் இருவரும் போலீஸிடம் மாட்டியிருக்கலாம். பெரிதாக ஒன்றும் ஆசைப்படவில்லை நான். மற்றவர்களுக்கு அலுத்துப்போகிற அளவுக்குக் கிடைப்பதில் எனக்குக் கொஞ்சம் வேண்டியிருந்தது.

ஒரு வாக்குத் தருகிறேன். சுவரில் மாட்டி மாலை போடும் சுத்தமான நைனாவாக உன்னைத் தாராவிடம் கொடுக்கமாட்டேன். கேரம் விளையாட்டில் நீ காயைத் திருடுவாய் என்று சொல்வேன். கோபம் வந்தால் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போவாய், பசித்ததும் நீயே வந்து எடுத்துப் போட்டுத் தின்பாய் என்று சொல்வேன். துவைத்த துணியை மடிக்காமல் நாற்காலியில் குவிப்பாய், பயந்தாய், எங்களுக்காகப் பேச வேண்டிய சில நாள் பேசாமல் இருந்துவிட்டாய், ஆனாலும் எங்கள்மேல் உயிராக இருந்தாய் என்று எல்லாவற்றையும் சேர்த்தே சொல்வேன். அவள் முழு மனிதனுக்கு மகளாக வளரட்டும்.

உன் போனைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதில் என் எண் 'தண்ணி கேன்' என்ற பெயரில் இருந்தது. எத்தனை ஆயிரம் செய்தி அனுப்பியிருப்பேன்! ஒன்றின் கீழும் என் பெயரைப் போட்டதில்லை. இங்கே போடுகிறேன்.

உன் மனைவி,
பவானி குமரேசன்