பெண்கள் பக்கத்துப் படங்கள்

ஜனவரி 16, 2024
நிஸ்மியாவின் கல்யாணத்தில் நான் எடுத்த படங்கள் அறுநூற்றுச் சொச்சம். எல்லாம் பெண்கள் பக்கம். காத்தான்குடியில் என்னைக் கூப்பிடுவதே அதற்குத்தான். அவளுடைய உம்மா ஒன்றுதான் கேட்டா: “ஸகியா, வெளி ஆம்புளைகள்ட கண்ணுல இதுகள் படக்கூடா.”

ஜனவரி 18
கணினி பழசு, திணறுகிறது. இணையத்திலேயே படம் திருத்தும் தளமொன்றைப் பிடித்தேன். வெளிச்சத்தை நன்றாகச் சரிசெய்கிறது. ஆனால் கேட்காமலே முகத்தை வெளுப்பாக்குகிறது. மாநிறமான நிஸ்மியா வேறு யாரோபோல் ஆகிவிட்டாள். அந்த வசதியை அணைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து.

ஜனவரி 21
எதில் அனுப்புவது? மூன்று தளங்கள் பார்த்தேன். ஒன்றில் பார்க்கிற ஒவ்வொருவரும் கணக்குத் திறக்க வேண்டும். இன்னொன்றுக்குக் கடவுச்சொல். மூன்றாவது வெறும் இணைப்பு, தட்டினால் திறக்கும். லேசானதை எடுத்தேன். வீட்டுப் பெண்கள் பதினொரு பேருக்கு மட்டும் என்று சொல்லி, இணைப்பை நிஸ்மியாவுக்கு அனுப்பினேன்.

ஜனவரி 24
பார்த்தவர்கள்: 74.

உடனே ஆல்பத்தை அழித்தேன். இணைப்புக் கிடைத்த எவரும் திறக்கலாம் என்று அந்தத் தளத்திலேயே எழுதியிருந்தது. வாசித்தேனே. வாசித்துவிட்டும் ஏன்? சோம்பல்தான், வேறென்ன.

அந்த எண்ணிக்கை எனக்கு மட்டும்தான் தெரியும். ‘தளத்தில கோளாறு, புதுசா அனுப்புறன்’ என்றால் முடிந்தது. என் கணவர் றம்ஸீனும் அதையே சொன்னார்: “ஒருத்தருக்கும் தெரியாதே. நீயாப் போய் ஏன் மாட்டுற?”

ஜனவரி 25
நிஸ்மியா வீட்டுக்கு நேரில் போனேன். சொன்னதும் உம்மா எழும்பி உள்ளே போய்விட்டா. தேத்தண்ணி ஆறிப்போய்க் கிடந்தது.

“தலை மூடாத படமும் இருந்திச்சா ராத்தா?” நிஸ்மியா கேட்டாள்.

“ஓம். நாப்பது மட்டுல.”

அவள் அழவில்லை. “மறுகா ஏன் சொன்னீங்க? தெரியாமலே இருந்திருப்பனே.”

“உன்ட படம் புள்ள. எனக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியாம இருக்கலாமா?”

நான் கிளம்பியபோது அவள் வாசல்வரை வரவில்லை.

ஜனவரி 27
நிஸ்மியா போனில் கூப்பிட்டாள். அவளுடைய சாச்சியின் மகள் தன் பள்ளிக்கூடக் கூட்டாளிகள் குழுவில் இணைப்பைப் போட்டிருக்கிறாள். எல்லாரும் பெண்கள்தானாம். ஆனால் அவர்களுடைய போனை யார் யார் பார்க்கிறார்களோ.

பெப்ரவரி 3
கடவுச்சொல் தளத்தை நிஸ்மியாவுக்குத் திறந்து காட்டினேன். பதிவிறக்க முடியாது, ஒரு மாதத்தில் தானாக மூடிக்கொள்ளும். ஆனால் திரையைப் படம் பிடித்தால் இதுவும் தடுக்காது, அதையும் சொன்னேன்.

“அப்ப போடாதீங்க ராத்தா. பென்ட்ரைவில தாங்க.”

கொடுத்தேன். அவள் பார்த்திருக்க என் கணினியில் இருந்ததை அழித்தேன்.

பெப்ரவரி 20
பேசி வைத்திருந்த இரண்டு கல்யாணங்கள் கைவிட்டுப் போயின. யாரும் காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மார்ச் 9
வேலை இல்லை. வாவிக்கரையில் கொக்குகளைப் படம் எடுத்தேன். யாருக்கும் அனுப்பவில்லை.

ஏப்ரல் 21
ஓட்டமாவடியிலிருந்து ஒரு பெண் பேசினாள். அவளுக்குக் கல்யாணமாம், நான் வர வேண்டுமாம். வருவதாகச் சொல்வதற்கு முன், ஜனவரியில் நடந்ததை அவளிடம் சொல்லத் தொடங்கினேன்.

“தெரியும் ராத்தா. நிஸ்மியா எனக்கு மதினி. நீங்களா வந்து சொன்னதையும் சொன்னாங்க. அதாலதான் உங்களக் கூப்புடுறன்.”

கல்யாணம் மே 12, ஞாயிறு. காலை ஏழரைக்கு அங்கே நிற்க வேண்டும்.