நீ கை தூக்கிய ஆட்டம்

நண்பா,

இன்று காலை திருச்சுழி மைதானத்தில் கபடி ஆட்டத்துக்காகத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். நனைந்த செம்மண் வாசம் வந்ததும் உன் நினைப்பு வந்துவிட்டது. நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இப்போதாவது உன்னை வாயாரப் புகழலாம். இருந்திருந்தால், "சும்மா கெடலே" என்று என் வாயை அடைத்திருப்பாய்.

அறுபதுகளின் கடைசி அது. நம் ஊர்ச் சடுகுடு அணிக்கு நான் கேப்டன். பாடிப் போவதில் உன்னை மிஞ்ச ஆளில்லை. ஆனால் நீ காலில் சக்கரம் கட்டியவன். உட்கார்ந்த இடத்தில் உட்கார மாட்டாய். எதிராளி கேலியாக ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆத்திரத்தில் பாட்டுக் குழறி மூச்சை விட்டுவிடுவாய். யோகம் படித்தால் மூச்சு நீடித்து நிற்கும் என்று யாரோ சொன்னார்கள். அருப்புக்கோட்டையில் ஒருவர் சொல்லித் தருகிறார் என்று கேள்விப்பட்டு, உன்னை முதல் பஸ்ஸில் ஏற்றிவிட்டவன் நான்தான்.

சில மாதங்களில் மூச்சு நீண்டது. கூடவே ஆளும் மாறினாய். கேலி செய்தவனைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினாய்.

"யோகத்துல எட்டுப் படி இருக்குலே. மூச்சு நாலாவதுதான். பொய் சொல்லாம இருக்கிறது மொதப் படியிலேயே வந்துருது" என்றாய்.

"படியெல்லாம் இருக்கட்டும். கோப்பை வருமா, வராதா?" என்றேன்.

சுழற்கோப்பையை இரண்டு வருடம் வென்றிருந்தோம். மூன்றாவது முறையும் வென்றால் அது நம் ஊருக்கே சொந்தம். மல்லாங்கிணற்று அணியோடு இறுதி ஆட்டம். புள்ளிகள் சமம், கடைசியாகப் பாடிப் போனவன் நீ. ஒருவனைத் தொட்டாய். நாலு பேர் விழுந்து அமுக்கினார்கள். அந்தப் புழுதியிலிருந்து ஊர்ந்து வந்து கோட்டைத் தொட்டுவிட்டாய். நடுவர் நாம் வென்றதாக விசில் ஊதினார். ஊரே துண்டைச் சுழற்றியது.

நீ எழுந்து நின்று கையைத் தூக்கினாய்.

"நடுவுல மூச்சு விட்டுட்டேங்க. நான் அவுட்டு."

அத்தனை கூச்சலில் நீ மூச்சு விட்டது யார் காதிலும் விழுந்திருக்காது. நீயாகச் சொன்னதால் நடுவர் தீர்ப்பை மாற்றினார்; கோப்பை மல்லாங்கிணற்றுக்குப் போனது.

"கூறுகெட்ட பயலே! மூச்சைக் கட்டப் படிச்சுட்டு வாடான்னா, தோக்கவா படிச்சுட்டு வந்தே?" என்று நம்மவர்கள் உன்னைப் பிடித்துக்கொண்டார்கள். அணியை விட்டே நீக்கச் சொன்னார்கள். "அவன் இல்லாட்டி நானும் இல்ல" என்றேன். நீக்கும் பேச்சை விட்டுவிட்டார்கள்.

ஊருக்கு நடந்து வரும்போது கேட்டேன்: "வருத்தமா இல்லையாலே?"

"இல்லாமயா? ஆனா கையைத் தூக்குற வரைக்கும் மனசு கள்ளு குடிச்ச கொரங்கா ஆடுச்சு. தூக்கினதும் அடங்கிருச்சு. இத்தனை மாசம் கண்ண மூடி உக்காந்தும் இப்படி அடங்கினதில்லலே."

அதன் பிறகு எந்த ஊர் ஆட்டத்துக்கும் நடுவராக உன்னைத்தான் கேட்டார்கள். முதலில் வந்து கேட்டவர்கள் மல்லாங்கிணற்றுக்காரர்கள். நீ விசில் ஊதினால் மறுபேச்சு கிடையாது.

கண்ணை மூடி உட்கார எனக்கு இன்றுவரை வரவில்லை. மனசு அலைபாய்ந்தால், யாரிடம் எதை மறைக்கிறேன் என்று மட்டும் பார்ப்பேன். அவரிடமே போய் அதைச் சொல்லிவிட்டால் தூக்கம் வந்துவிடுகிறது.

நாம் வென்ற ஆட்டங்களுக்குக் குறைவில்லை. ஆனால் பழைய கேப்டன் என்று யார் என்னைப் பேசக் கூப்பிட்டாலும், நாம் தோற்ற அந்த ஆட்டத்தைத்தான் சொல்கிறேன். அன்றைக்கு உனக்குக் கேப்டன் நான்.