பாதியில் நிறுத்திய விசைப்பலகை

மச்சாள்,

இன்று காலை உங்கள் விசைப்பலகையைக் கவிழ்த்துப் பிடித்துத் தட்டினேன். தூசியோடு பிண்டத் தைலத்தின் மணமும் வந்தது. உங்கள் கைக்கு நான் தேய்த்துவிட்ட தைலம் விரல் வழியாக இடுக்குகளுக்குள் இறங்கி, இத்தனை மாதமும் அங்கேயே இருந்திருக்கிறது. மணமெல்லாம் இடப்பக்கத்து விசைகளில்தான். வலப்பக்கத்தில் வெறும் தூசி.

கணினியை ஊர்ச் சனசமூக நிலையத்துக்குக் கொடுப்பதென்று உங்கள் தம்பி, என் வீட்டுக்காரர், முடிவெடுத்துவிட்டார். நாளை வந்து ஏற்றிப் போவார்கள். அதற்கு முதல் உங்களுக்கு இதை எழுதிவிட வேண்டும். மற்ற எல்லாரிடமும் மறைக்கலாம், உங்களிடம் மறைக்க முடியாது. நடந்ததை என்னைவிட நன்றாக அறிந்தவர் நீங்கள்.

வாதம் வந்து வலக்கையும் நாக்கும் விழுந்தபோது, உங்களுக்கு எதைவிடவும் கை போனதுதான் பெரிய துக்கம். முப்பது வருடம் கந்தோரில் பத்து விரலாலும் தட்டச்சு செய்தவர் நீங்கள். விசையைப் பார்க்காமல், தாளைப் பார்த்து அடிப்பவர். புத்தியில் ஒரு குறையும் இல்லை, சொல்லத்தான் முடியவில்லை. கூப்பிடுவதற்கென்று சாமியறையில் இருந்த சிறிய மணியைக் கொண்டுவந்து வைத்தேன். அதை ஒதுக்கிவிட்டு, ஒற்றைக் கையால் நெடுநேரம் தேடித் தேடி அடித்தீர்கள்: “மணி அடிச்சுக் கூப்பிட நான் என்ன பூசையோ நடத்துறன்?” கைச்சாடை காட்டுங்கோ என்றால் அதைவிடக் கோபம். “நான் ஊமை இல்லை. ரைப்பிஸ்ட்.”

அந்த ஒரு வரிக்குக் கால் மணித்தியாலம் போனது. பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. பட்டணத்துக்குப் பஸ் ஏறிப் போய்க் கடைகளில் கேட்டேன். ஒரு கையால் அடிக்கிற விசைப்பலகை இங்கே வராது என்றார்கள். பிறகுதான் இணையத்தில் தேடத் தொடங்கினேன். ஆங்கிலம் எனக்கு அகராதியோடுதான் ஓடும். ஆனாலும் ஒன்று விளங்கியது. விசையின் மேல் எழுத்து அச்சடித்திருப்பது நம்முடைய கண்ணுக்காக. உள்ளே போவது ஓர் எண் மட்டும். திரையில் சாளரங்களை நடத்துகிற நிரல் தன் அட்டவணையைப் பார்த்து, இந்த எண்ணுக்கு இந்த எழுத்து என்று போடுகிறது. தனியே அழுத்தினால் ஓர் எழுத்து, ஷிப்டோடு அழுத்தினால் இன்னொன்று, வேறொரு துணை விசையோடு அழுத்தினால் வேறொன்று. அட்டவணையை நாங்களே திருத்தி எழுதலாம்.

அட்டவணை என்றால் எனக்குப் பயமில்லை. ஒரு நீளக் கொப்பி எடுத்து, விசையின் எண், தனியே, துணையோடு என்று கோடு போட்டேன். இடக்கைச் சின்னவிரலின் விசைக்கு, துணை விசையோடு சேர்த்தால் வலக்கைச் சின்னவிரலின் எழுத்து. மோதிரவிரலுக்கு மோதிரவிரல். கண்ணாடியில் பார்ப்பதுபோல இடப்பாதிக்குள்ளே வலப்பாதி. துணை விசையாக, சும்மா கிடந்த கப்ஸ் லொக்கை ஆக்கினேன். முதலில் அதை அதன் பழைய விசைக் கூட்டத்திலிருந்து கழற்ற வேண்டும், பிறகு துணை விசைகளின் கூட்டத்தில் சேர்க்க வேண்டும். சேர்க்காமல் விட்டால் எவ்வளவு அழுத்தினாலும் அது வெறும் கட்டை.

மூன்றாம் நாள் நீங்கள் அடித்தது இன்னும் அந்தக் கோப்பில் இருக்கிறது: “என்ரை வலக்கை இடக்கைக்குள்ளை வந்திட்டுது.” அதைப் படித்துவிட்டு நான் அழ, நீங்கள் அடுத்த வரியை அடித்தீர்கள்: “அழுறதை விட்டிட்டு எழுத்துப் பிழையைப் பாரும்.”

அதன் பிறகு வீட்டில் உங்கள் கதைதான். கறிக்கு உப்புக் காணாது என்பதையும், பக்கத்து வீட்டுக் கலியாணத்தில் யார் வரவில்லை என்பதையும் அடித்துவிட்டு, மேசையில் ஒரு தட்டுத் தட்டுவீர்கள். நான் வந்து வாசிப்பேன். ஆனால் கப்ஸ் லொக்கைப் பிடித்துக்கொண்டிருக்கச் சின்னவிரல் நொந்தது. துணை விசையைப் பெருவிரலுக்குக் கீழே கொண்டுவரச் சொல்லிக் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. வெள்ளிக்கிழமை காலை செய்து தருகிறேன் என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை.

விளக்கேற்றி, தேவாரம் பாடி முடித்துவிட்டுக் கணினிக்கு முன்னால் இருந்தேன். ராகுகாலம் பத்தரைக்கு. அதற்குள் கழற்றுவது, சேர்ப்பது இரண்டு வேலையும் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். முதல் வேலை, பழைய விசையைக் கழற்றுவது. ஒரு வரியில் ஏதோ பிழை, நிரல் ஏற்க மறுத்தது. பிழையைக் கண்டுபிடித்துக் கழற்றி முடிக்கவே மணிக்கூடு பத்தரையைக் காட்டியது. கையை எடுத்துவிட்டேன்.

“மச்சாள், மிச்சத்தைப் பன்னிரண்டு மணிக்குப் பிறகு செய்யிறன்.”

பிழை தேடத் தொடங்குவதற்கு முதலே, நான் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்துப் பதறுவதைக் கண்டு நீங்கள் அடித்து வைத்திருந்த வரி மேலே இருந்தது: “ராகுவுக்கும் கீபோட்டுக்கும் என்ன தொடுப்பு?”

“சாமி விசயத்திலை பகிடி விடாதேங்கோ,” என்று சொல்லிவிட்டுச் சமையலைப் பார்க்கக் குசினிக்குப் போனேன்.

ராகுகாலத்தில் எதையும் புதிதாகச் சேர்க்கக் கூடாது. கழற்றியதைப் பழையபடி மாட்டுவதும் சேர்ப்பதுதானே என்று நினைத்தேன். பழைய அட்டவணையைத் திரும்ப ஏற்ற ஒரே ஒரு வரி போதும், மச்சாள். ஒரு வரி. அது என் கொப்பியின் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தது.

பத்தே முக்கால் இருக்கும். மேசை தட்டும் சத்தம் கேட்டது. வந்து பார்த்தேன். திரையில் வாசிக்க முடியாத எழுத்துக் குவியல், எல்லாம் இடப்பாதி எழுத்துகள். சிரித்தேன். “நான்தான் சொன்னனே, உது இப்ப வேலை செய்யாது. பொறுங்கோ, ராகுகாலம் முடியட்டும்.” உங்கள் முகத்தைப் பார்த்தேனா? அதைத்தான் யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். திரையைத்தான் பார்த்தேன்.

இரண்டாம் முறை தட்டினீர்கள். நான் குசினியிலிருந்தே, “ஓம், ஓம், கேக்குது,” என்றேன்.

மூன்றாம் முறை தட்டவில்லை.

ஆஸ்பத்திரியில், உங்கள் மூச்சு நின்றுவிட்டது என்று சொன்ன டொக்டர் பிள்ளையிடம், ஒரு மணித்தியாலம் முந்திக் கொண்டுவந்திருந்தால் என்று கேட்டேன். “சொல்லேலாது அம்மா,” என்றா. தப்பியிருப்பா என்றும் சொல்லவில்லை, தப்பியிருக்கமாட்டா என்றும் சொல்லவில்லை.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். நெஞ்சைத் தொட்டுக் காட்டியிருக்கலாமே, மச்சாள். கை ஏன் விசைப்பலகையிலேயே இருந்தது? இதற்கும் எனக்கே பதில் தெரியும் என்று நினைக்கிறேன். அரைகுறையாக வந்தாலும் இவளுக்கு அட்டவணை பாடம், இவள் வாசிப்பாள் என்று நம்பியிருப்பீர்கள். வாசித்திருக்கலாம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து எல்லோரும் போன பின், கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு அந்த எழுத்துக் குவியலை வாசித்தேன். ஒவ்வோர் எழுத்துக்கும் இரண்டு வழி, இதுவா அதன் எதிர்ப்பக்கமா என்று. பத்து நிமிடம்கூட எடுக்கவில்லை. வந்ததைக் கொப்பியின் கடைசித் தாளில் எழுதினேன்.

“நெஞ்சு அடைக்குது. தம்பியைக் கூப்பிடும்.”

கொப்பியை மூடி அலுமாரிக்குள் வைத்தேன். அன்று தொடக்கம் ஐந்து மாதம், உங்கள் தம்பிக்கு வந்த சொல்லை நான் வைத்துக்கொண்டிருந்தேன். அவர் வருவோர் போவோரிடமெல்லாம், “என்ரை மனுசி அக்காவைக் கண்ணுக்குள்ளை வைச்சுப் பாத்தவ,” என்பார். ஒவ்வொரு தரமும் நான் தேத்தண்ணி போடப் போய்விடுவேன். சந்நிதியில் முருகனிடம் சொன்னேன். சொல்லிவிட்டு வந்தும் பாரம் குறையவில்லை. அவனுக்கு முன்பே தெரியும், தெரியாதவர் வீட்டில் இருந்தார்.

போன கிழமை சனசமூக நிலையத்தார் வந்தபோது இவர் அதையே சொன்னார். ஒரு கையால் அடிக்கும்படி நான் மாற்றிக் கொடுத்ததைப் பெருமையாகச் சொல்லி, “எல்லாம் தானாப் படிச்சவ,” என்றார். வந்தவர்கள் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். அவர்கள் படலையைச் சாத்திக்கொண்டு போனதும், நான் கொப்பியை எடுத்து அவர் முன்னால் விரித்தேன்.

“இஞ்சாருங்கோ. உது அக்கா உங்களுக்கு எழுதினது.”

எல்லாவற்றையும் சொன்னேன். கழற்றினது, சேர்க்காமல் விட்டது, சிரித்தது. ராகுகாலத்தையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த இரண்டு வரியையும் இன்னொரு தரம் வாசித்தார்.

“எத்தினை மணிக்கு?”

“பத்தே முக்கால்.”

“நான் அப்ப பின் தோட்டத்திலை. வெங்காயத்துக்குத் தண்ணி கட்டிக்கொண்டு நிண்டனான்.” பிறகு, “கூப்பிட்டிருந்தா வந்திருப்பன்,” என்றார்.

“ஓம்,” என்றேன்.

அவ்வளவுதான். ஏசவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. அந்தத் தாளைக் கொப்பியிலிருந்து கவனமாகக் கிழித்துச் சேட்டுப் பொக்கற்றுக்குள் வைத்தார். அதற்குப் பிறகு என்னோடு தேவைக்கு மட்டும் கதைக்கிறார். அது எத்தனை நாளுக்கு என்று நான் கேட்க முடியாது.

விளக்கு இப்போதும் ஏற்றுகிறேன். ராகுகாலமும் பார்க்கிறேன், விட முடியவில்லை. ஆனால் பத்தரை ஆனால் வீடு முழுவதும் ஒருமுறை சுற்றி வந்து, பாதியில் நிற்கிற வேலை ஏதும் உண்டா என்று பார்க்கிறேன். அது பக்தியா பயமா என்று எனக்கே தெரியவில்லை.

மத்தியானத்தில் சோற்றைப் போட்டு மூடிவைத்துவிட்டுப் பின்வாசலுக்குப் போய் நிற்பேன். அவர் தோட்டத்தின் அந்தத் தொங்கலில் குனிந்து நிற்பார். கூப்பிட வாயைத் திறந்தாலும், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றுதான் கூப்பிடுகிறேன். நேற்றும் அப்படித்தான் நின்றேன். பிறகு கூப்பிட்டேன்.

முதல் தரத்திலேயே கேட்டு, மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்தார்.